பண்டிகைக்கு 800 பேர், ஞாயிற்றுக்கிழமைக்கு 60 பேர்

கேள்வி: ஸ்தோத்திரம் ஐயா. தூத்துக்குடி மாவட்டத்தில் தேரிக்காட்டை ஒட்டிய ஒரு கிராமத்து சி.எஸ்.ஐ. சபையைச் சேர்ந்தவள் நான். பள்ளி ஆசிரியை. இந்த முறை கமிட்டிக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டிருக்கிறேன். கமிட்டியில் நான் ஒருத்திதான் பெண். எங்கள் ஆலயம் கட்டி 150 வருஷம் ஆகப்போகிறது. சந்தா நோட்டில் 210 குடும்பங்கள். ஞாயிறு ஆராதனைக்கு 60 பேர் வந்தால் பெரிது, அதிலும் பாதிப் பேர் வயதானவர்கள். ஊரே சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடும் அசனப் பண்டிகைக்கு மட்டும் சென்னை, கோவை, துபாயிலிருந்தெல்லாம் வந்து 800 பேர் கூடிவிடுகிறார்கள். வாலிபப் பிள்ளைகள் டவுனில் உள்ள சுயாதீன சபைக்குப் போகிறார்கள். 150-ஆவது ஆண்டுக்குப் புதுக் கோபுரம், கிரானைட் தரை என்று வெளியூர்க்காரர்கள் பணம் திரட்டுகிறார்கள். பிள்ளைகள் எல்இடி திரையும் டிரம்ஸும் கேட்கிறார்கள். பெரியவர்கள் கீர்த்தனையில் கைவைக்கக் கூடாது என்கிறார்கள். இந்த இழுபறியில் நாங்கள் யார், எதற்காக இங்கே கூடுகிறோம் என்பதே மறந்துபோன மாதிரி இருக்கிறது. எங்கே தொடங்குவது?

பதில்: அன்புச் சகோதரிக்கு ஸ்தோத்திரம்.

கோபுரத்தையும் டிரம்ஸையும் கொஞ்சம் ஓரமாக வைப்போம். உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தியவை மூன்று எண்கள்: 210, 800, 60. சந்தா நோட்டில் ஒரு சபை இருக்கிறது. பண்டிகைப் பந்தலில் இன்னொரு சபை. ஞாயிற்றுக்கிழமை பெஞ்சில் மூன்றாவதாக ஒன்று. கமிட்டியில் தீர்மானம் எழுதும்போது இதில் எந்தச் சபைக்காக எழுதுகிறீர்கள்? நான் பார்த்த தெற்கத்திச் சபைகள் பலவற்றில் முதல் இரண்டுக்காகத்தான் எல்லாம் நடக்கிறது. வாராவாரம் வந்து உட்காருகிற அந்த 60 பேரை யாரும் ஒரு பொருட்டாக எண்ணுவதில்லை. அவர்களும் தங்களை மிச்சம் மீதி என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். "எல்லாரும் போயாச்சு, நாங்கதான் கெடக்கோம்" என்று சொல்லும் பாட்டிகள் உங்கள் ஊரிலும் இருப்பார்கள்.

என் அபிப்பிராயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கெடக்கிறோம் என்று சொல்லும் அவர்கள்தான் சபை. வெளியூரில் இருப்பவர்கள் சபையின் சொந்தக்காரர்கள். சொந்தக்காரர்கள் வேண்டும், அவர்கள் பாசமும் பணமும் வேண்டும். ஆனால் வீட்டில் குடியிருப்பவரைக் கேட்காமல் சொந்தக்காரர் வந்து சமையலறையை இடித்துக் கட்டினால் எப்படி இருக்கும்? அதுதான் பல ஊர்களில் நடக்கிறது.

வெளியூர்க்காரர் சந்தாவை விடாமல் கட்டுவதற்குக் காரணங்கள் உங்களுக்குத் தெரியாதவை இல்லை. பிள்ளைக்குக் கல்யாண ஓலை, அதாவது திருமண அறிவிப்பு, கோயிலில் வாசிக்க வேண்டும். அப்பா அம்மா பக்கத்தில் கல்லறைத் தோட்டத்தில் இடம் வேண்டும். திருமண்டலத் (பேராயரின் கீழுள்ள சபைகள் அனைத்தின் நிர்வாகத்துக்கான) தேர்தல் வந்தால் வாக்கு வேண்டும். இதில் எதையும் நான் குறையாகச் சொல்லவில்லை. அண்ணாநகரில் இருபது வருஷம் இருந்தாலும் "எங்க ஊர் கோயில்" என்று சொல்லும்போது ஒருவர் முகம் மாறுவதைப் பார்க்கிறோம். அந்தப் பாசம் உண்மைதான். ஆனால் அது அவர் பத்து வயதில் விட்டுப்போன கோயிலின் மேல் உள்ள பாசம். அந்தக் கோயில் அப்படியே இருக்க வேண்டும், இன்னும் உயரமாக, பளபளப்பாக இருக்க வேண்டும் என்பது அவர் ஆசை. ஞாயிறு காலையில் அங்கே யார் உட்காருகிறார்கள் என்பது அவருக்குத் தெரிய வாய்ப்பில்லை.

வேதாகமத்து நெகேமியாவை எல்லாரும் எருசலேமின் அலங்கம் (மதில்) கட்டினவராகத்தான் நினைவு வைத்திருக்கிறோம். கட்டட நிதி திரட்டும்போதெல்லாம் அந்தப் பிரசங்கம் வந்துவிடும். அலங்கம் கட்டி முடிந்தபின் ஏழாம் அதிகாரத்தில் என்ன வருகிறது என்று பாருங்கள்: பட்டணம் பெரிதாக இருக்கிறது, உள்ளே ஜனங்கள் கொஞ்சம், வீடுகளும் கட்டப்படவில்லை. பதினோராம் அதிகாரத்தில் பத்துப் பேரில் ஒருவர் எருசலேமில் குடியிருக்கச் சீட்டுப் போடுகிறார்கள். மனமுவந்து அங்கே குடியிருக்கச் சம்மதித்தவர்களை ஜனங்கள் வாழ்த்துகிறார்கள். நம் ஊர்களில் வெளியே போனவனுக்கு மாலை, இருந்தவனுக்கு அனுதாபம். ஒரு ஞாயிற்றுக்கிழமை இந்தப் பகுதியை வாசித்து, ஊரிலேயே இருக்கிறவர்களுக்காக, இருக்கிறார்கள் என்பதற்காகவே ஒரு ஸ்தோத்திர ஜெபம் பண்ணச் சொல்லுங்கள். சின்னக் காரியம்தான். ஆனால் அதைக் கேட்டுப் பழகாத காதுகள் அவை.

இனி வேலைக்கு வருவோம். அதே நெகேமியா யாரிடமும் எதுவும் சொல்லாமல், சில பேரைக் கூட்டிக்கொண்டு ராத்திரியில் போய் இடிபாடுகளைப் பார்த்து வந்த பிறகுதான் வாயைத் திறந்தார். நீங்களும் இரண்டு மாதம் சும்மா கணக்கெடுங்கள். ஞாயிறு ஆராதனைக்கு யார் வருகிறார்கள், எந்தத் தெருவிலிருந்து, யாரோடு வருகிறார்கள், யார் சீக்கிரம் எழுந்து போகிறார்கள், யார் கடைசி பெஞ்சைத் தாண்டி முன்னே வருவதில்லை. போதகர் வந்து திருவிருந்து நடக்கிற ஞாயிறையும், சபை ஊழியர் நடத்துகிற ஞாயிறையும் தனித்தனியே குறியுங்கள். வேறு பெயர்கள் நிச்சயம் கிடைக்கும். சந்தா நோட்டில் பெயரே இல்லாமல் வருகிறவர்கள் இருப்பார்கள்: கல்யாணமாகி வந்த மருமகள், மாற்றலாகி வந்த நர்ஸ், பேரப்பிள்ளையை வளர்க்க வந்த பாட்டி, கோயில் பக்கம் வேலைக்கு வந்து அப்படியே உட்கார ஆரம்பித்தவர். இவர்களில் எத்தனை பேரைக் கமிட்டிக்குத் தெரியும்?

அதோடு கூடவே இன்னொரு வேலை. சேகரத்தில், அதாவது ஒரே போதகரின் கீழுள்ள சபைகளின் அலுவலகத்தில், பழைய பெட்டி ஒன்று இருக்கும். ஞானஸ்நானப் பதிவேடு, அடக்கப் பதிவேடு, பழைய கமிட்டிக் கூட்டக் குறிப்புகள் எல்லாம் அதில்தான் கிடக்கும். போதகரிடம் அனுமதி கேட்டு, பழைய பக்கங்களைப் போனில் படம் எடுத்து வாருங்கள். ஞானஸ்நானப் பதிவேட்டில் பெற்றோர் பெயருக்குப் பக்கத்தில் குடியிருப்பு, தொழில் என்று கட்டங்கள் இருக்கும். தொழில் கட்டத்தை மட்டும் மேலிருந்து கீழே படித்துக்கொண்டே வாருங்கள். உங்கள் பக்கத்தில் பனையேறி, பனையேறி, கூலி என்று பக்கம் பக்கமாகப் போகும். அப்புறம் ஒரு கட்டத்தில் வாத்தியார், கம்பவுண்டர் என்று வர ஆரம்பிக்கும். மிஷன் பள்ளிக்கூடம் செய்த வேலை அங்கே கண்ணுக்குத் தெரியும். ஒரு மாலை ஜெபக்கூட்டத்தில் பெண்கள் ஐக்கிய சங்கத்தார் முன்னால் அதைச் சத்தமாக வாசியுங்கள். "இது எங்க தாத்தா" என்று ஒருவர் சொன்னால் போதும், நீங்கள் எதுவும் பேச வேண்டியிருக்காது.

ஏன் இதை இவ்வளவு வற்புறுத்துகிறேன் என்றால், நம் பக்கத்துச் சபைகள் எதற்காகத் தோன்றின என்பதே நமக்கு மறந்துவிட்டது. முதலூர் 1799-இல் உண்டானது, ஊரில் இருக்க விடாமல் விரட்டப்பட்ட புதுக் கிறிஸ்தவர்களுக்கு ஒதுங்க இடம் வேண்டும் என்று உபதேசியார் டேவிட் சுந்தரானந்தம் நிலம் வாங்கியதால். மிஷனெரி ரேனியஸ் ஐயர் 1830-இல் தர்ம சங்கத்தைத் தொடங்கியதும் இதற்காகத்தான்: வீடு கொளுத்தப்பட்டவர்களுக்கும் துரத்தப்பட்டவர்களுக்கும் நிலமும் வீடும் வாங்கிக் கொடுக்க. சுவிசேஷபுரம், ஆசீர்வாதபுரம், கடாட்சபுரம் என்று நம் பக்கத்தில் வரிசையாக வரும் ஊர்ப் பெயர்களெல்லாம் அந்த நூற்றாண்டின் கதைதான். உங்கள் ஆலயம் எழும்பிய காலமும் சாதாரணமான காலம் இல்லை. 1876 முதல் 1878 வரை தாது வருஷப் பஞ்சம். கஞ்சித்தொட்டியைத் தேடி வந்து, பிறகு சபையில் சேர்ந்தவர்கள் திருநெல்வேலிச் சீமையில் ஆயிரக்கணக்கில் உண்டு. "சோற்றுக் கிறிஸ்தவர்கள்" என்று அவர்களை ஏளனம் பண்ணினார்கள். அந்த ஏளனத்தைக் கேட்டவர்களின் சந்ததியார்தான் இன்று கிரானைட் போடப் பணம் அனுப்புகிறவர்கள்.

ஆக, போக்கிடம் இல்லாதவர்களுக்கு ஓர் இடமாகத்தான் இந்தச் சபைகள் தொடங்கின. உங்கள் பதிவேடும் அதைத்தான் சொல்லும் என்று நினைக்கிறேன். சரி, இன்று உங்கள் ஊரில் போக்கிடம் இல்லாதவர் யார்? பிள்ளைகள் எல்லாம் வெளியூரில், மாத்திரை வாங்கித்தரவும் ஆளில்லாத கிழவர். முந்திரித் தோட்டத்துக்கும் கட்டட வேலைக்கும் வடக்கிலிருந்து வந்து ஷெட்டில் தங்கியிருக்கும் பையன்கள். குலசேகரன்பட்டினத்தில் ராக்கெட் ஏவுதளத்துக்கு 2024-இல் அடிக்கல் நாட்டியிருக்கிறார்கள். உங்கள் வட்டாரத்துக்கு இனியும் புது ஆட்கள் வருவார்கள். அப்புறம், இதையும் சொல்லாமல் விட முடியாது: உங்கள் ஊரிலேயே காலனியில் இருக்கிறவர்கள், தலைமுறை தலைமுறையாகக் கிறிஸ்தவர்களாக இருந்தும் உங்கள் கோயிலுக்குள் வந்து உட்காராதவர்கள். தெற்கே நம் கிராமச் சபைகளில் பெரும்பாலானவை ஒரே சாதிச் சபைகள். "எங்கள் சபையின் அடையாளம்" என்று நாம் பெருமையாகச் சொல்வதில் சுவிசேஷம் எவ்வளவு, சாதி எவ்வளவு என்று பிரித்துப் பார்க்கத் தைரியம் வேண்டும். அதைக் கமிட்டிக் கூட்டத்தில் முதல் நாளே எடுக்காதீர்கள். ஆனால் கணக்கெடுக்கும்போது அவர்கள் வராததையும் நோட்டில் எழுதி வையுங்கள்.

மூன்றாவது, வீடு சந்திப்பு. போதகர் வருகிற வழக்கமான சந்திப்பைச் சொல்லவில்லை. அவர் வந்தால் காபி வரும், ஜெபம் வரும், உண்மை வராது. நீங்களும் இன்னொரு பெண்ணும், முடிந்தால் வயதில் இளையவள் ஒருத்தி, வாரத்துக்கு இரண்டு வீடு போங்கள். இரண்டே கேள்வி: "இந்தச் சபை உங்க வீட்டுக்கு எப்போ கைகொடுத்தது?" "எப்போ கைவிட்டது?" அதற்கு மேல் பேசாதீர்கள், பதில் சொல்லாதீர்கள், கமிட்டியை நியாயப்படுத்தவே செய்யாதீர்கள். வந்ததும் எழுதிவிடுங்கள். முதல் கேள்விக்குக் கிடைக்கும் பதில்களில் பிரசங்கமோ பண்டிகையோ அதிகம் வராது. பிரசவத்துக்கு வண்டி பிடித்துக் கொடுத்தது, அடக்கத்தன்று பந்தலுக்குப் பணம் வாங்காதது, பரீட்சை நேரத்தில் பிள்ளையின் பேர் சொல்லி ஜெபித்தது, இப்படித்தான் வரும். இரண்டாவது கேள்விக்கு வரும் பதில் கசக்கும். சந்தா பாக்கி என்று சவப்பெட்டிக்கு மணியடிக்க மறுத்த கதை மாதிரி ஒன்று ஏறக்குறைய எல்லாச் சபையிலும் இருக்கிறது.

டவுன் சபைக்குப் போகும் வாலிபரிடமும் இதே கேள்விகளைக் கேளுங்கள், திரும்பி வாருங்கள் என்று கூப்பிடாமல். டிரம்ஸுக்காகப் போகிறார்கள் என்று நாமாக முடிவு பண்ணிக்கொள்கிறோம். என்னிடம் பேசிய பிள்ளைகள் அதிகமும் சொல்வது வேறு. அங்கே ஒரு வாரம் போகாவிட்டால் போன் வருகிறது. அங்கே அவர்கள் கையில் ஒரு வேலை கொடுத்திருக்கிறார்கள்: மைக் பார்ப்பது, நாற்காலி போடுவது, சின்னப் பிள்ளைகளுக்குக் கதை சொல்வது. நம் கோயிலில் 25 வயதுப் பையனுக்கு என்ன வேலை இருக்கிறது? காணிக்கைப் பையைத் தூக்கக்கூட அவன் அப்பாவுக்கு வயதாக வேண்டும்.

கீர்த்தனைச் சண்டைக்கு வருகிறேன். தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார் (1774–1864) பாட்டுகளை நாம் பாரம்பரியம் என்று கட்டிக் காக்கிறோம், சரி. ஆனால் அவர் காலத்திலேயே புதிதாக வந்த மிஷனெரிகள் சிலர் தமிழ்ப் பாட்டையும் இசையையும் ஆராதனையிலிருந்து ஒதுக்கப் பார்த்தார்கள். அவர் எழுதி எழுதிச் சண்டை போட்டார். இன்று அந்தப் பாட்டு இல்லாத தமிழ்ச் சபையை நினைத்துப் பார்க்க முடியுமா? இதோடு நிறுத்தினால் கதை அழகாக இருக்கும். ஆனால் அதே சாஸ்திரியார், திருவிருந்தில் சாதி பார்க்காமல் எல்லாரும் கலந்து வாங்க வேண்டும் என்று அந்த மிஷனெரிகள் வற்புறுத்தியதையும் எதிர்த்தார். பாட்டில் அவர் பக்கம் நியாயம், பந்தியில் மிஷனெரிகள் பக்கம் நியாயம். பெரியவர்கள் "முன்னோர் வழி" என்று சொல்லும்போது முன்னோரின் எந்த வழி என்று மெதுவாகக் கேட்க இந்தக் கதை உதவும். மதுரை அரசரடி இறையியல் கல்லூரியில் இருந்த தியாபிலஸ் அப்பாவு ஐயா நாட்டுப்புற மெட்டில் ஆராதனை முறையே எழுதிப் பாடவைத்தார். கீர்த்தனையா டிரம்ஸா என்ற இரண்டே வழிதான் உண்டு என்பதில்லை. உங்கள் ஊர்ப் பாட்டிகளுக்குத் தெரிந்த மெட்டு இன்னும் எத்தனையோ. எல்இடி திரையைப் பற்றி எனக்கு அபிப்பிராயம் எதுவும் இல்லை. கண் தெரியாத பெரியவர்களுக்கு எழுத்து பெரிதாகத் தெரிந்தால் நல்லதுதானே.

இவ்வளவும் ஆறு மாதம் பிடிக்கும். அதற்கப்புறம் ஒரே ஒரு காரியத்தைச் செய்து பாருங்கள். ஒன்றே ஒன்று, ஆரம்ப நாளும் முடிவு நாளும் குறித்து. ஈஸ்டருக்கு முந்தின லெந்து (தவசு) காலம் இதற்கு வசதி, நாற்பது நாளில் முடிந்துவிடும், யாரும் "இனி எப்பவும் இப்படியா" என்று பயப்பட மாட்டார்கள். எது செய்யலாம் என்பதை உங்கள் நோட்டுதான் சொல்ல வேண்டும். எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன். உங்கள் சபையில் அசனம் இருக்கிறது. ராத்திரி முழுக்க விழித்துப் பெரிய அண்டாக்களில் சோறாக்கி, கறிக்குழம்பு வைத்து, ஊரையே உட்காரவைத்துப் போட்டு, வாளியில் வீட்டுக்கும் கொடுத்தனுப்பும் கைப்பக்குவம் உங்களிடம் இருக்கிறது. சமைக்கும்போதெல்லாம் கோயிலுக்கென்று ஒரு கைப்பிடி அரிசி எடுத்து வைக்கும் பழக்கம் இன்னும் சில வீடுகளிலாவது இருக்கும். அந்த அரிசியை லெந்து நாட்களில் வாரம் ஒரு மதியம், சமைக்க முடியாத முதியவர்களுக்கும் ஷெட்டில் இருக்கிற பையன்களுக்கும் சோறாக்கிப் போட்டால் என்ன? சாதி பார்க்காமல், சந்தா கேட்காமல். அசனத்துக்குப் பண்டிகையன்று வருகிற கூட்டம் வராது. இருபது பேர் வந்தாலும் அந்த இருபது பேர் யார் என்பதைப் பாருங்கள். சோறு கொண்டுபோய்க் கொடுக்கும் வேலையை டவுன் சபைக்குப் போகும் பிள்ளைகளிடமே கேளுங்கள். அங்கே போய்க்கொண்டே இங்கே வேலை செய்யட்டும், குற்றமில்லை.

சின்ன ஊரிலிருந்து என்ன ஆகிவிடும் என்று கமிட்டியில் யாராவது கேட்பார்கள். வெள்ளாளன்விளை எவ்வளவு பெரிய ஊர்? அங்கே பிறந்து பின்னாளில் பேராயரான அசரியாவும் நண்பர்களும் 1903-இல் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கத்தைத் தொடங்கியபோது, வெளிநாட்டுப் பணம் இல்லாமல் நம் சபைகளின் காசிலேயே தெலுங்கு நாட்டு டோர்னக்கல்லுக்கு ஆள் அனுப்பினார்கள். கைப்பிடி அரிசிக்கு அப்படியொரு சரித்திரம் உண்டு.

ஒன்றைச் சேர்க்கும்போது ஒன்றை நிறுத்தவும் வேண்டும். அதே 60 பேர்தான் எல்லாவற்றையும் சுமக்கிறார்கள். நாலு பேர் வருகிற எந்தக் கூட்டத்தை நிறுத்தலாம் என்று அவர்களையே கேளுங்கள். பெருமூச்சு விடுவார்கள், அப்புறம் உடனே சொல்லுவார்கள்.

கோபுரம். பணம் தருகிறவர்களோடு சண்டை போடாதீர்கள், நன்றி சொல்லுங்கள், ஆறு மாதம் பொறுக்கச் சொல்லுங்கள். அதற்கு நேர்மையான காரணமே இருக்கிறது. 150 வருஷத்துக் கட்டடம் என்றால் பெரும்பாலும் சுண்ணாம்புக் காரை. அதன்மேல் சிமெண்ட் பூசி, தரையில் கிரானைட் ஒட்டினால் ஈரம் வெளியேற வழியில்லாமல் சுவருக்குள் ஏறும். கொஞ்ச வருஷத்தில் உப்புப் பூத்து உதிரும். பழைய அஸ்திவாரம் புதுக் கோபுரத்தின் பாரத்தைத் தாங்குமா என்பதையும் பழைய கட்டடம் தெரிந்த ஒரு பொறியாளர் வந்து பார்க்க வேண்டும். இடைப்பட்ட நாளில், பதிவேட்டுப் படங்களையும் நீங்கள் வீடு வீடாகக் கேட்ட பதில்களில் சொந்தப் பெயர் இல்லாதவற்றையும் வெளியூர்க்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் ஒவ்வொன்றாகப் போட்டு வாருங்கள். அவர்களுக்குத் தெரிந்த கோயில் பத்து வயதில் விட்டுப்போனது. இன்றைய கோயிலைக் காட்டுங்கள். பணத்தில் ஒரு பங்கு ஊரில் இருப்பவர்களுக்காக என்று அவர்களாகவே கேட்கக்கூடும். கேட்காவிட்டால் நீங்கள் கேளுங்கள். அவர்கள் இப்போது வசிக்கும் இடத்துச் சபையில் ஒரு பெஞ்சை நிரப்பச் சொல்லியும் கேட்கலாம். அங்கேயும் இதே புலம்பல்தான்.

கடைசியாக இரண்டு எச்சரிக்கை. திருமண்டலத் தேர்தல் மூன்று வருஷத்துக்கு ஒருமுறை வருகிறது. தேர்தல் நெருங்கிவிட்டால் எதையும் தொடங்காதீர்கள். கிழவிக்குச் சோறு போட்டாலும் எந்த அணிக்காக என்று கேட்பார்கள். தேர்தல் முடிந்து கோபதாபம் அடங்கியபின் தொடங்கினால் உங்களுக்கு இரண்டு வருஷம் சுத்தமாகக் கிடைக்கும்.

இன்னொன்று, போதகரை விட்டுவிட்டு எதையும் செய்யாதீர்கள், போதகரை நம்பி மட்டும் செய்யாதீர்கள். சில வருஷத்தில் அவருக்கு மாற்றல் வந்துவிடும். புது ஐயா வந்ததும் தனக்கென்று ஒரு திட்டம் கொண்டுவருவார், அது இயல்பு. சபை ஊழியரை முதல் நாளிலிருந்தே கூட வைத்துக்கொள்ளுங்கள். ஊரில் எந்த வீட்டில் யார் படுத்திருக்கிறார்கள் என்று அவருக்குத்தான் தெரியும், ஆனால் அவரை யாரும் கலந்து பேசுவதில்லை. கணக்கெடுத்த நோட்டு, வீட்டில் கேட்ட பதில்கள், லெந்து மதியச் சோற்றின் வரவு செலவு எல்லாவற்றுக்கும் இரண்டு பிரதி எடுங்கள். ஒன்றைக் கமிட்டிக் குறிப்பில் பதிந்து சேகரப் பெட்டியில் வையுங்கள். இன்னொன்றை, புது ஐயா பொறுப்பேற்ற முதல் வாரத்திலேயே, மாலை மரியாதை எல்லாம் முடிந்தபின் அவர் கையில் கொடுங்கள்.